கையெழுத்து ஒருவர், கணக்கு இன்னொருவர்: வடகொரிய உடன்படிக்கை கெட்ட விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகொரியாவுடன் மீண்டும் அணு ஆயுதப் பேச்சு நடத்துவது பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். அதில் 1994 ஜெனீவா உடன்படிக்கையை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். வடகொரியா தன் உலைகளை முடக்கினால் பதிலுக்கு அமெரிக்கா இரண்டு அணு உலை கட்டித் தருவதாகச் சொன்னது, வடகொரியா ஏமாற்றியது, எல்லாம் முறிந்தது என்று. ஏமாற்றியது உண்மைதான். பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் வழியாக, குண்டுக்கு இன்னொரு வழியான யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குத் தொழில்நுட்பத்தை ரகசியமாக வாங்கினார்கள். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் முதல் பாதி தவறு. கையெழுத்துதான் அமெரிக்காவுடையது. உலைக்குப் பணம் தரவேண்டியவர்கள் தென்கொரியாவும் ஜப்பானும். கட்டுமானத்துக்கு அமெரிக்கா நேரடியாகப் பணம் போடவே இல்லை. இது சின்னத் திருத்தம் போலத் தெரியலாம். அந்த உடன்படிக்கை எட்டு ஆண்டும் நொண்டி நொண்டி நடந்ததற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வாஷிங்டனின் பயம் என்ன என்று பார்க்க வேண்டும். வடகொரியாவின் யோங்பியோனில் 5 மெகாவாட் கிராஃபைட் உலை ஒன்று 1986 முதல் ஓடிக்கொண்டிருந்தது. 1994 மே, ஜூனில் அதிலிருந்து சுமார் 8000 எரிபொருள் தண்டுகளை வெளியே எடுத்தார்கள். அவற்றைக் கரைத்துப் பிரித்தால் நான்கைந்து குண்டுக்குப் போதுமான புளூட்டோனியம் கிடைக்கும். அதே இடத்தில் 50 மெகாவாட் உலையும், தேச்சோனில் 200 மெகாவாட் உலையும் கட்டுமானத்தில் இருந்தன. அவை முடிந்தால் ஆண்டுக்குப் பல டஜன் குண்டுக்கு வழி பிறக்கும். எனவே அமெரிக்கத் தூதுக்குழுவின் கணக்கெல்லாம் கிலோகிராம் கணக்கு: தண்டைக் கரைக்க விடக்கூடாது, உலைகளை நிறுத்த வேண்டும். இந்த ரகத் தண்டின் மேலுறை மக்னீசியக் கலவை. தண்ணீர்த் தொட்டியில் நாள்பட வைத்தால் அரித்துவிடும். அரிக்கிறது என்பதே கரைக்கும் ஆலைக்கு அனுப்பச் சாக்காகிவிடும். அதனால் அமெரிக்கத் தொழில்நுட்பக் குழு அங்கேயே போய் ஒவ்வொரு தண்டையும் எஃகு உருளைகளில் அடைத்து மூடியது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். 2002 முடியும்வரை அந்தத் தண்டுகள் அசையவில்லை. இந்த ஒரு வேலையை உடன்படிக்கை சுத்தமாகச் செய்தது என்பதையும் தலையங்கம் சொல்லியிருக்கலாம்.

தென்கொரியத் தலைநகர் சோலின் பயம் வேறு. தன் தலைக்கு மேலே அமெரிக்காவும் வடகொரியாவும் பேசி முடித்துவிடும் என்பது. 1994 ஜூனில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வடகொரியத் தலைநகர் பியோங்யாங் போய்வந்தபோது, தென்கொரிய அதிபர் கிம் யங் சாமும் வடகொரியத் தலைவர் கிம் இல் சுங்கும் ஜூலை 25 அன்று நேரில் சந்திப்பதாக முடிவானது. ஜூலை 8 அன்று கிம் இல் சுங் இறந்தார். சோல் இரங்கல் தெரிவிக்கவில்லை. பியோங்யாங் அதைப் பெரிய அவமதிப்பாக எடுத்துக்கொண்டு தெற்கோடு பேச மறுத்தது. ஜெனீவாவில் உட்கார்ந்தவர்கள் அமெரிக்கத் தூதர் ராபர்ட் கலூச்சியும் வடகொரியத் தூதர் காங் சோக் ஜுவும் மட்டும். அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதைத் தென்கொரியர்கள் அமெரிக்கர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கையெழுத்தாகும் முன்பே கிம் யங் சாம் அமெரிக்க நாளிதழ் ஒன்றுக்குப் பேட்டி கொடுத்து, வாஷிங்டன் வெகுளித்தனமாகப் பேரம் பேசுகிறது என்று வெளிப்படையாகக் குறை சொன்னார். 1994 அக்டோபர் 21 அன்று வெளிவந்த வாசகத்தில் தெற்கோடு பேசுவது பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: வடக்கு தெற்கோடு பேச்சு நடத்தும் என்பது. எப்போது, எந்த அளவில் என்று எதுவும் இல்லை.

இப்போது பணம். ஊர்க்கூட்டத்துக்கு அழைக்காமல் வரியை மட்டும் வசூலிக்க வந்தால் எப்படியிருக்கும், அப்படித்தான் இருந்தது. 1995 மார்ச்சில் அமெரிக்கா, தென்கொரியா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து, உலைகளைக் கட்டித் தர, கெடோ என்ற கூட்டு அமைப்பை நியூயார்க்கில் தொடங்கின; 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்தது. தலா 1000 மெகாவாட் கொண்ட இரண்டு இலகுநீர் (சாதாரண நீரால் குளிரும்) உலைகளின் மதிப்பீடு 460 கோடி டாலர். அதில் தென்கொரியா 70 சதவீதம், ஜப்பான் 100 கோடி டாலருக்கு இணையான யென். மிச்சத்துக்கு அமெரிக்கா 'முயற்சி எடுக்கும்'. வடகொரியாவுக்கோ இது வட்டியில்லாக் கடன்; உலை முடிந்தபின் முதல் 3 ஆண்டு சலுகைக்காலம் உட்பட 20 ஆண்டில் திருப்பிக் கட்டினால் போதும். 70 சதவீதம் தருகிறோம், உலை எங்கள் மாதிரியாக இருக்க வேண்டும் என்றது சோல். அதில் அடம்பிடிக்க அவர்களுக்கு உரிமையும் இருந்தது, கணக்கும் இருந்தது: ஒருநாள் இரு கொரியாவும் சேர்ந்தால் உலை நம்முடையதே, உதிரி பாகமும் நம்மிடமே.

வடகொரியா தெற்கின் பெயர் தாளில் வருவதையே ஏற்கவில்லை. 1995 ஜூனில் கோலாலம்பூரில் நாள்கணக்கில் இழுபறி. கடைசியில் 'அமெரிக்க வடிவமைப்பிலிருந்து வந்த, இப்போது உற்பத்தியில் உள்ள, மேம்பட்ட ரகம்' என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். அந்த வர்ணனைக்குப் பொருந்தியது தென்கொரியாவின் உல்ச்சின் 3, 4 உலைகளின் ரகம். அன்றைக்கே கெடோ அதைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது. அறிவிப்புகள் இரண்டு, உலை ஒன்றுதான். ராஜதந்திரம் என்ற வகையில் நல்ல வேலை. ஆனால் சோல் பத்திரிகைகள் இதையும் விடவில்லை: நம் காசு, நம் உலை, பெயர் மட்டும் அமெரிக்கனுடையதா என்று கேட்டன.

அமெரிக்கா ஏற்ற பொறுப்பு எண்ணெய். உலை முடியும்வரை ஆண்டுக்கு 5 லட்சம் டன் கன எரியெண்ணெய். நம் ஆலைக்காரர்கள் ஃபர்னஸ் ஆயில் என்பார்களே, அதுதான். வண்டிக்கு ஆகாது, கொதிகலனுக்குத்தான் ஆகும் என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியும் முதல் தவணையில் கொஞ்சம் வேறு ஆலைகளுக்குத் திரும்பியது. பிறகு கொதிகலன் வாசலில் ஓட்டமானி பொருத்த வேண்டியதாயிற்று. பெரிய சிக்கல் அமெரிக்க நாடாளுமன்றத்தில். ஜெனீவாவில் கையெழுத்தான சில வாரத்தில், 1994 நவம்பர் தேர்தலில் இரு அவைகளும் குடியரசுக் கட்சி கைக்குப் போயின. உடன்படிக்கை செனட் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தமும் அல்ல. அதனால் எண்ணெய்ப் பணத்தை ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வாங்க வேண்டும். ஒதுக்கீடு கணக்கைவிடக் குறைவாகவே இருந்தது, எண்ணெய் விலை யார் பேச்சும் கேட்காது, கெடோவுக்குக் கடன் ஏறியது. 1996இல் ஜப்பான் 1.9 கோடி டாலரை எடுத்து ஈடாக வைத்தபிறகுதான் கப்பல் நகர்ந்தது. எண்ணெய் அமெரிக்கப் பொறுப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அதற்கும் தோழன் சட்டைப்பையைத் தடவுவது நட்பை வளர்க்காது. கப்பல் தாமதமாகும்போதெல்லாம் பியோங்யாங்குக்கு, பாருங்கள், வாக்கு மீறுகிறார்கள் என்று சொல்ல வாய்ப்பு.

ஜப்பானின் பயம் மூன்றாவது ரகம். புளூட்டோனியம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். தலைக்கு மேலே பறக்கும் ஏவுகணையும் வடகொரியா கடத்திக்கொண்டுபோன குடிமக்களும்தான் முதலில். 1998 ஆகஸ்ட் 31 அன்று கெடோ செலவுப் பங்கீட்டில் கையெழுத்திட எல்லாம் தயார். அன்றைக்கே வடகொரியாவின் டேப்போடாங் ஏவுகணை ஜப்பானைத் தாண்டிப் போய் பசிபிக்கில் விழுந்தது. டோக்கியோ பேனாவை மூடிவிட்டது. ஜெனீவா வாசகத்தில் ஏவுகணை இல்லையே, உடன்படிக்கை மீறப்படவில்லையே என்றது வாஷிங்டன். அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், எங்களுக்கு வேண்டியது வாசகத்தில் இல்லை என்றது டோக்கியோ. அமெரிக்காவும் தென்கொரியாவும் அழுத்தம் கொடுத்ததில் அக்டோபரில் அரைமனதோடு திரும்பி வந்தார்கள்.

இதே கதையின் தென்கொரியப் பதிப்பு 1996 செப்டம்பரில் நடந்தது. காங்னுங் கரையில் வடகொரிய நீர்மூழ்கி தரைதட்டி, ஆயுதம் ஏந்திய ஆட்கள் மலைக்குள் ஓடினார்கள். வாரக்கணக்கில் தேடுதல் வேட்டை, இரு பக்கமும் உயிரிழப்பு. எல்லாத் தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்ற தொனியில் வாஷிங்டனிலிருந்து முதல் அறிக்கை வந்ததும் சோல் கொதித்துப்போனது. ஊடுருவியவனையும் உயிர் விட்டவனையும் ஒரே தட்டில் வைப்பதா என்று கேட்டது. உலை வேலையை நிறுத்தியது. டிசம்பர் 29 அன்று வடகொரியா வருத்தம் தெரிவிக்கும்வரை ஒன்றும் நகரவில்லை.

கட்டுமான இடம் கிழக்குக் கரையில் கும்ஹோ. 1997 ஆகஸ்ட் 19 அன்று பூமிபூஜை போட்டார்கள். ஒன்றிரண்டு மாதத்துக்குள் ஒரு விவகாரம். தென்கொரியத் தொழிலாளர் குடியிருப்பின் குப்பையில் தலைவர் கிம் ஜோங் இல் படம் போட்ட வடகொரியக் கட்சி நாளிதழ் கிழிந்து கிடந்தது. தலைவரை அவமதித்துவிட்டார்கள் என்று வடகொரியர்கள் வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியே விட மறுத்தார்கள். பேசி முடிக்க நியூயார்க் வரை போகவேண்டியிருந்தது. அடுத்தது கூலி. உள்ளூர்த் தொழிலாளிக்கு மாதம் 110 டாலர் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிறகு 600 வேண்டும் என்றார்கள். தரமுடியாது என்றதும் 2000இல் ஆட்களில் பாதிப்பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கெடோ உஸ்பெகிஸ்தானிலிருந்து ஆள் கொண்டுவந்தது. வடகொரியாவில், வடகொரியாவுக்காக, தென்கொரியப் பணத்தில், உஸ்பெக் கொத்தனார்கள்!

இதற்கிடையே பொறியாளர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்த இரண்டு விஷயங்களுக்கு யாரும் காது கொடுக்கவில்லை. ஒன்று, மின்கட்டமைப்பு. ஒரு தனி அலகு, மொத்தக் கட்டமைப்பின் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொதுவான விதி. வடகொரியாவில் அப்போது ஓடிய மின்சாரத்துக்கு 1000 மெகாவாட் உலை மிகப் பெரிது. அது ஒரு முறை தடைபட்டால் நாடே இருட்டாகும். உலையைக் குளிர்விக்க வெளியிலிருந்து நிலையான மின்சாரமும் வேண்டும். அதுவும் அங்கே இல்லை. கம்பித்தடமும் துணைமின்நிலையமும் கெடோவின் பொறுப்பில் வராது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதற்கான செலவை யார் ஏற்பது என்று எந்தத் தலைநகரமும் வாய் திறக்கவில்லை. இரண்டு, விபத்துப் பொறுப்பு: விபத்து நடந்தால் இழப்பீடு யார் தலையில்? நம் ஊரில் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின்போது கேட்ட அதே வாதம். இழப்பீடு எங்கள் மேல் விழாது என்ற உறுதி இல்லாமல் விசையாழி தரமாட்டோம் என்று ஜெனரல் எலக்ட்ரிக் விலகிக்கொண்டது. இடத்தை ஹிட்டாச்சி, தோஷிபா நிரப்பின. அதாவது, அமெரிக்கா பேசி முடித்த உடன்படிக்கையின் ஆபத்தை ஏற்க அமெரிக்க நிறுவனமே தயாராக இல்லை.

கூட்டணி ஒழுங்காக ஓடிய காலமும் ஒன்று உண்டு. ஏவுகணைக்குப் பிறகு கிளின்டன், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரியை நியமித்தார். அவர் பியோங்யாங் போகும் முன் சோலுக்கும் டோக்கியோவுக்கும் போய் அவர்கள் பட்டியலைக் கேட்டு வாங்கினார். 1999 ஏப்ரலில் மூன்று நாட்டு ஒருங்கிணைப்புக் குழு ஒன்று அமைந்தது. யாராவது ஒருவர் வடகொரியாவோடு பேசினால் முன்னும் பின்னும் மற்ற இருவரிடமும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஏவுகணையும் பேச்சுக்கு வந்தது. 1999 செப்டம்பரில் நெடுந்தூர ஏவுகணைச் சோதனையை வடகொரியா நிறுத்திவைத்தது. 2000 ஜூனில் தென்கொரிய அதிபர் கிம் டே ஜுங் பியோங்யாங் போனார். என் கணிப்பில் அந்த இருபது மாதம்தான் உடன்படிக்கையின் பொற்காலம். மூன்று பயமும் ஒரே தாளில் இருந்தது அப்போது மட்டுமே.

அது கலைந்ததும் வேகமாகவே. 2001 மார்ச்சில் கிம் டே ஜுங் வாஷிங்டன் போனார். முந்தின நாள்தான் வெளியுறவு அமைச்சர் காலின் பவல், கிளின்டன் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்று சொல்லியிருந்தார். மறுநாள் புதிய அதிபர் புஷ், விருந்தாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, வடகொரியத் தலைவர் மேல் நம்பிக்கையில்லை என்றார். நோபல் பரிசு வாங்கிவந்த மனிதர் வெறுங்கையோடு திரும்பினார். 2002 செப்டம்பர் 17 அன்று ஜப்பான் பிரதமர் கொய்சுமி பியோங்யாங் போனார். இந்த முறை கடைசியில் தெரிந்துகொண்டது வாஷிங்டன். 13 பேரைக் கடத்தியதை கிம் ஜோங் இல் ஒப்புக்கொண்டார். அவர்களில் 8 பேர் இறந்துவிட்டதாகச் சொன்னார். ஜப்பானில் அன்றோடு வடகொரியாவுக்குப் பணம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அக்டோபரில் அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் கெல்லி பியோங்யாங் போய் செறிவூட்டல் விவகாரத்தை நேருக்கு நேர் எடுத்தார்.

அப்போதும் சோலும் டோக்கியோவும், செறிவூட்டலைத் தனியாகப் பேசுவோம், புளூட்டோனியப் பூட்டை நாமே திறக்க வேண்டாம் என்றுதான் வாதாடின. நவம்பர் 14 கெடோ கூட்டத்தில் அமெரிக்க நிலைப்பாடே நின்றது. கடலில் வந்துகொண்டிருந்த கப்பல் மட்டும் போகட்டும், டிசம்பரிலிருந்து எண்ணெய் கிடையாது என்று முடிவு. டிசம்பர் 31 அன்று ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2003 ஜனவரி 10 அன்று அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவிப்பு. உருளைகளைத் திறந்து 8000 தண்டையும் கரைத்தார்கள். 2006 அக்டோபர் 9 அன்று வெடித்தது, உடன்படிக்கை முறியக் காரணமான அந்த யுரேனியம் அல்ல. எட்டு ஆண்டு அடைபட்டிருந்த புளூட்டோனியம்.

கும்ஹோவில் மூன்றில் ஒரு பங்கு வேலை முடிந்திருந்தது. முதல் உலைக்குக் கான்கிரீட் போட்டதே 2002 ஆகஸ்டில். முடியவேண்டிய இலக்கு 2003. 2006 மே இறுதியில் திட்டத்தை மூடினார்கள். போன பணம் 150 கோடி டாலருக்கு மேல்: தென்கொரியா ஏறத்தாழ 113 கோடி, ஜப்பான் 40 கோடி. அமெரிக்கா எண்ணெய்க்கும் நிர்வாகத்துக்கும் தந்தது 40 கோடி அளவில். கட்டுமானத் தளத்தில் கிடந்த கனரக இயந்திரங்களையும் வாகனங்களையும் வடகொரியா வெளியே எடுத்துப்போக விடவில்லை.

பிறகு வந்த ஆறு நாட்டுப் பேச்சை (இரு கொரியா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, ரஷ்யா) நீட்டவில்லை; அதே பிழை சற்றுத் திருத்தமாக. 2007 பிப்ரவரி ஒப்பந்தத்தில் 10 லட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான உதவியை ஐந்து நாடுகள் பங்கிட வேண்டும். கடத்தப்பட்டவர்கள் விஷயத்தில் முன்னேற்றம் இல்லாமல் தன் 2 லட்சம் டன்னைத் தரமாட்டேன் என்று ஜப்பான் கடைசிவரை நின்றது. 2008 அக்டோபர் 11 அன்று அமெரிக்கா வடகொரியாவைப் பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து நீக்கியது. டோக்கியோவுக்குத் தகவல் போனது கடைசி நேரத்தில். 2018 ஜூன் 12 சிங்கப்பூர் உச்சி மாநாடு முடிந்து, தென்கொரியாவுடனான கூட்டுப் போர்ப்பயிற்சியை நிறுத்துவதாக டிரம்ப் அறிவித்தார். சோல் பாதுகாப்பு அமைச்சகம், அவர் சொன்னதன் பொருள் என்ன என்று கண்டறிய வேண்டும் என்று அறிக்கை விட்டது. பயிற்சி யாருடையதோ அவர்களுக்கே!

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த பேச்சு எப்போது தொடங்கினாலும், யார் யாரோடு கைகுலுக்கினார்கள் என்ற படத்தோடு நிறுத்தாமல், மூன்று கேள்விக்கான பதிலையும் தங்கள் செய்தியாளர்கள் தேடி வெளியிட வேண்டும். எண்ணெயோ மின்சாரமோ உணவோ, அதற்கான தொகை எந்த நாட்டு நாடாளுமன்றத்தில், ஒரே தடவையா ஆண்டுதோறுமா ஒதுக்கப்பட வேண்டும்? ஜப்பான் வரை எட்டும் குறைதூர, நடுத்தர ஏவுகணைகள் வாசகத்தில் உண்டா, இல்லை அமெரிக்கா வரை போகும் நெடுந்தூர ஏவுகணை மட்டுமா? கடத்தல், எல்லைத் தாக்குதல் போன்ற, அணுவோடு சேராத சம்பவம் நடந்தால் உதவி நிற்குமா தொடருமா என்று கூட்டாளிகள் மூவரும் முன்கூட்டியே பேசி எழுதிவைத்திருக்கிறார்களா? மூன்றாவதற்கு மட்டும் இதுவரை எந்த உடன்படிக்கையிலும் நான் பதில் பார்த்ததில்லை.

தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி